நாயின் காலில் சிறு கட்டி: அறுக்கலாமா, பொறுக்கலாமா?



கறவை மாடு, வெள்ளாடு, நாட்டுக்கோழி வளர்ப்பு என்று நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். நாயைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. நாய் வாங்க யாரும் கடன் கேட்பதில்லை. அதற்கு இன்சூரன்ஸ் எடுப்பதில்லை. நம்முடைய எந்த ரிஜிஸ்டரிலும் அதற்கென்று ஒரு வரி கிடையாது. ஆனால் கடன் போட்டு வாங்கின ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு நாம் கண்ணயர்ந்து தூங்குகிறோம் என்றால், வாசலில் ஒரு நாய் காதைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பதால்தான். கீரி கோழிக்கூட்டுப் பக்கம் வராமலிருப்பதும், ராத்திரியில் ஆள் நடமாட்டம் நமக்குத் தெரிவதும் அதனால்தான். பழைய சோற்றையும் மிச்சம் மீதியையும் தின்றுவிட்டு அது செய்கிற வேலைக்குக் கூலி போட்டுப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

அந்த நாயின் காலில் திடீரென்று ஒரு உருண்டை. ஒரு வயது, ஒன்றரை வயதுக் குட்டிதான். நன்றாக ஓடுகிறது, தின்கிறது. ஆனால் விரல் பக்கத்தில் சிவப்பாக ஒரு கட்டி தெரிகிறது. உடனே கேள்விகள் வருகின்றன. "இது புத்து நோயா? பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா? பிளேடால அறுத்துடலாமா?" சில வீடுகளில் கேள்வியே இல்லை. "சாக்குல போட்டுக் கொண்டுபோய் சந்தைக்கு அந்தப்பக்கம் விட்டுட்டு வா" என்று ஆம்பளைகள் முடிவே செய்துவிடுகிறார்கள். நல்ல காவல் நாய் ஒன்று இப்படித்தான் வீட்டை இழக்கிறது. இதில் அவசரப்பட ஒன்றுமில்லை என்பதை விளக்கவே இந்தப் பாடம்.

முதலில் அது கட்டிதானா?

சிரிக்காதீர்கள், இதுதான் முதல் கேள்வி. நாயின் முன்னங்காலில், பாதத்துக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கமாக ஒரு கருப்புச் சதை மேடு இருக்கும். இரண்டு முன்னங்காலிலும் ஒரே மாதிரி இருக்கும். அது பிறவியிலேயே உள்ளது. ஓடும்போதும் திரும்பும்போதும் சறுக்காமல் நிற்க உதவும் மெத்தை அது. அதேபோல் உள்பக்கமாகக் கட்டை விரல் மாதிரி ஒரு விரல் நகத்தோடு தொங்கும். சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் அது உண்டு. இவற்றைக் "கட்டி" என்று நினைத்து மஞ்சள் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒரு காலைப் பார்த்தால் மறு காலையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடலாம்.

அடுத்தது உண்ணி. வயிறு முட்ட ரத்தம் குடித்த உண்ணி சாம்பல் நிறத்தில் மொச்சைக்கொட்டை மாதிரி உருண்டிருக்கும். விரல் இடுக்கு அதற்குப் பிடித்த இடம். நாய் அங்கே நக்கியும் எடுக்க முடியாது. வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் தோலை ஒட்டிச் சின்னச் சின்னக் கால்கள் தெரியும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் விடுவது வேண்டாம். எடுத்ததைக் கையால் நசுக்கவும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் போட்டு மூடிவிடுங்கள். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும், அதுவும் நாய் மேல் அல்ல, சுவர் விரிசலிலும் சாக்கு மடிப்பிலும். ஒரு உண்ணி இருந்தால் இன்னும் பல இருக்கும் என்று வைத்துக்கொண்டு நாய் படுக்கும் இடத்தையும் பெருக்கிச் சுத்தம் செய்யுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை நாய் மேல் ஊற்றினால் உண்ணியோடு நாயும் போய்விடும். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தும் அப்படித்தான், டாக்டர் அளவு சொல்லாமல் நாய்க்குத் தொடக்கூடாது.

பிறகு முள். கருவேல முள் முனை உடைந்து உள்ளே நின்றாலும், நெருஞ்சி ஏறினாலும் இரண்டு மூன்று நாளில் அந்த இடம் வீங்கிக் கட்டி மாதிரிதான் தெரியும். புதிதாகத் தார் போட்ட ரோட்டில் நடந்த நாயின் விரல் இடுக்கில் தார் உருண்டை ஒட்டியிருக்கும். கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டால் அது கழன்றுவிடும்.

நாயைப் பிடிக்கும் விதம்

காலைப் பார்க்க வேண்டுமென்றால் நாயைப் பிடிக்க வேண்டும். வலி இருக்கிற இடத்தைத் தொட்டால் வளர்த்தவளையும் கடிக்கும். அது அதன் குற்றம் இல்லை. தனியாகப் பார்க்காதீர்கள், இன்னொருவர் துணை வேண்டும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

பழைய வேட்டியில் இரண்டு விரல் அகலத்தில், இரண்டு முழ நீளத்துக்கு ஒரு துணி கிழித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சுருக்கு போட்டு, பின்பக்கமாக நின்றுகொண்டு நாயின் மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் வாய் மூடினபடி மாட்டி இறுக்க வேண்டும். இரண்டு முனையையும் தாடைக்குக் கீழே ஒருமுறை குறுக்கே போட்டு, பின்னால் கொண்டுபோய்க் காதுக்குப் பின்புறம் பிடரியில் முடிய வேண்டும். இழுத்தால் கழலும் முடிச்சாகப் போடுங்கள். மூக்குத் துளையை அடைக்கக்கூடாது. நாய்க்கு வேர்வை நம்மைப் போல வராது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். ஆகவே வாய்க்கட்டு சில நிமிஷத்துக்குத்தான், அதுவும் நிழலில்தான். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் கட்டவே கூடாது.

இளம் நாய்க்கு வருகிற கட்டிகள்

இப்போது விஷயத்துக்கு வருவோம். மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்க்குப் பாதத்திலோ காலிலோ காதிலோ முகத்திலோ வருகிற சிறு கட்டிகளில் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. ரவிக்கைப் பொத்தான் மாதிரி வட்டமாக, மேலே முடி இல்லாமல், இளஞ்சிவப்பாக, வழவழவென்று எழும்பி நிற்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஏனென்றால் போன வாரம் ஒன்றுமில்லாத இடத்தில் இந்த வாரம் கடலை அளவு நிற்கும். ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் வேகமாக வளர்ந்துவிடும். பெரும்பாலும் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. தொட்டால் வலி இல்லை. கால்நடை மருத்துவர்கள் இதை ஹிஸ்டியோசைட்டோமா என்று சொல்வார்கள். வாயில் நுழையாத பெயர். நாம் பொத்தான் கட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

இது எதனால் வருகிறது? தோலில் காவல் வேலை பார்க்கும் ஒருவகை அணுக்கள் உண்டு. வெளியிலிருந்து கிருமி எது நுழைந்தாலும் அடையாளம் காட்டுவது அவற்றின் வேலை. அந்த அணுக்களே ஓரிடத்தில் கட்டுக்கு மீறிப் பெருகி நிற்பதுதான் இந்தக் கட்டி. ஆச்சரியம் என்னவென்றால், நாயின் உடம்பே இதைக் கண்டுபிடித்து வேறுவகை வெள்ளணுக்களை அனுப்பிக் கரைத்துவிடுகிறது. பெரும்பாலான நாய்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். போகும் முன் இன்னும் சிவக்கலாம், மேல்தோல் கொஞ்சம் புண்ணாகிப் பொருக்குக் கட்டலாம். "பெரிசாயிடுச்சு" என்று நாம் பயப்படும் அந்த நேரத்தில்தான் பல சமயம் அது குறையத் தொடங்கியிருக்கும்.

இரண்டாவது மரு. பாலுண்ணி என்றும் சொல்கிறோம். இது வைரஸ் கிருமியால் வருவது. காலிஃபிளவர் பூ மாதிரி மேல்பக்கம் பிசிறு பிசிறாக இருக்கும். வாயிலும் உதட்டிலும்தான் அதிகம், சில நாய்க்கு விரல் பக்கத்திலும் பாத மெத்தையிலும் வரும். ஒரே தட்டில் தின்பது, ஒன்றையொன்று கடித்து விளையாடுவது மூலம் இன்னொரு நாய்க்குப் போகும். கிருமி ஏறி ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் மரு வெளியே தெரியும். ஆகவே எங்கிருந்து வந்தது என்று தேடிப் பயனில்லை. இதுவும் இளம் நாய்க்கு ஒன்று முதல் ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். ஒருமுறை உடம்பு அந்தக் கிருமியைப் பழகிவிட்டால் மறுபடி வருவது குறைவு.

நம் மாட்டின் மடிக்காம்பிலும் மரு வருகிறதே, நாய்க்கு அதிலிருந்து வந்ததா என்று கேட்கலாம். இல்லை. மாட்டு மருவுக்கு வேறு கிருமி, நாய் மருவுக்கு வேறு, மனிதருக்கு வருவது வேறு. ஆகவே நாயின் மரு பிள்ளைகளுக்கு ஒட்டாது. பொத்தான் கட்டி எவருக்குமே ஒட்டாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டமாக முடி உதிர்ந்து செதில் செதிலாக இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். உடம்பு முழுக்கச் சொறிந்து தோல் தடித்திருந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். இவை இரண்டும் மனிதருக்கு வரும். நாயைத் தொட்ட பிள்ளைக்குக் கையிலோ வயிற்றிலோ அரிப்பு வந்தால், பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நாயைக் கால்நடை மருந்தகத்திலும் காட்டுங்கள். ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் சுற்றிச் சுற்றி வரும்.

மூன்றாவது, விரல் இடுக்கில் வருகிற சீழ்க்கட்டி. செக்கச்செவேல் என்று பளபளத்து, ஒருநாள் உடைந்து ரத்தமும் சீழும் வரும். நாய் நொண்டும், ஓயாமல் நக்கும். முடி உள்ளே மடங்கி வளர்வது, முள், விரல் இடுக்கில் குடியிருக்கும் நுண்பூச்சி என்று காரணம் பல. இதுமட்டும் தானாகப் போகட்டும் என்று விடக்கூடியது அல்ல. டாக்டர் தரும் மாத்திரை சில வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாளில் நொண்டல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவதுதான் நம் வழக்கம். அப்படி நிறுத்தினால் மறுபடி கிளம்பும். மருந்தோடு சேர்த்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, அந்தக் காலை ஐந்து பத்து நிமிஷம் நனைய வைக்கலாம். பிறகு விரல் இடுக்கெல்லாம் துணியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். காலை ஒருமுறை, சாயந்திரம் ஒருமுறை போதும்.

கை வைத்தியம் கெடுக்கும் கதை

மருவைப் போக்க நம் ஊர்களில் வழிகள் பல உண்டு. குதிரை வால் முடியால் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது, சேராங்கொட்டை எண்ணெய் தொடுவது, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவது, பிளேடு. மனிதருக்கே இவை சரியா என்பது தனிப் பேச்சு. நாய்க்கு இவை ஏன் ஆகாது என்று பார்ப்போம்.

பாதத்தில் சதை குறைவு. தோலுக்கு நேர் கீழே ரத்தக் குழாயும் நரம்பும் நாண்களும் நெருக்கமாக ஓடுகின்றன. பிளேடு கொஞ்சம் ஆழமாகப் போனால் ரத்தம் நிற்காது. நின்றாலும், நாய் காலைத் தூக்கிவைத்து ஓய்வெடுக்கிற பிராணி அல்ல. அடுத்த நிமிஷமே சாணியிலும் சேற்றிலும் மிதிக்கும். ஈ மொய்க்கும். மூன்றாம் நாள் புழு வைக்கும். மிளகு அளவுக் கட்டிக்காகக் கால் பாதி போன நாயை நம் ஊர்களில் எல்லோருமே பார்த்திருக்கிறோம். மூன்று காலில் நொண்டுகிற நாய் பட்டிக்குக் காவல் நிற்காது.

நூல் கட்டினால்? கட்டின இடத்துக்கு ரத்த ஓட்டம் நிற்கும், அது அழுகும். நாய் அதைக் கடித்துப் பிய்க்கும். விரலைச் சுற்றிக் கட்டின நூல் வீக்கத்தில் புதைந்து விரலையே எடுக்க வேண்டி வருவதும் உண்டு. சுண்ணாம்பும் சேராங்கொட்டையும் தோலைப் பொசுக்கும். அதை நாய் நக்கினால் நாக்கும் வாயும் வெந்துபோகும். இரண்டு நாள் பட்டினி கிடக்கும். புண்ணில் பினாயில் ஊற்றுவதும் இதே கதைதான்.

இன்னொன்று மருந்துக்கடைக் களிம்பு. சொறி, தேமல், படை எதுவானாலும் ஒரே டியூபைப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மேலே சொன்னபடி, பொத்தான் கட்டியையும் மருவையும் கரைப்பது நாயின் சொந்த எதிர்ப்பு சக்திதான். ஸ்டீராய்டு அந்த சக்தியையே அமுக்கும். தானே போயிருக்க வேண்டியது போகாமல் நிற்கும். மரு இன்னும் பரவவும் செய்யும். காசு கொடுத்து வியாதியை நிறுத்தி வைத்த கதை ஆகிவிடும்.

வலிக்கிறதே என்று நாம் போடும் உடம்புவலி மாத்திரையில் பாதியைச் சோற்றில் பிசைந்து வைக்காதீர்கள். மனிதருக்கான பல வலி மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ரத்த வாந்தி எடுத்துச் செத்த நாய்க்கு "எவனோ விஷம் வெச்சுட்டான்" என்று பக்கத்து வீட்டோடு சண்டை போடுவோம்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நக்க நக்க அந்த இடம் ஈரமாகவே இருக்கும், தோல் தேயும், கிருமி ஏறும். நக்காமல் தடுக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டியெடுத்து, விளிம்பில் துணி சுற்றி, கழுத்தில் மாட்டி, பட்டையோடு கயிற்றால் முடிந்துவிட்டால் போதும். கெட்டி அட்டையைப் புனல் போல் சுற்றியும் செய்யலாம். முதல் நாள் நாய் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு திண்டாடும், பிறகு பழகிவிடும். சோறு தண்ணீர் வைக்கும்போது கழற்றி மாட்டுங்கள்.

கணக்கு எழுதுவது போல

பொறுத்துப் பார்ப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. சேமிப்புக் கணக்கை வாரா வாரம் எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையும் இல்லை. கட்டியைப் பார்த்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். அளவைத் தானியத்தில் சொல்லுங்கள்: மிளகு, துவரை, கொண்டைக்கடலை, நெல்லிக்காய். வாரம் ஒருமுறை, அதே கிழமையில் பாருங்கள். குழுக் கூட்டம் நடக்கும் கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நிறம், முடி, ஈரம், வலி, நாய் நொண்டுகிறதா என்று ஒரு வரி எழுதினால் போதும். வீட்டில் செல்போன் இருந்தால் கட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துவையுங்கள். வாயால் நூறு வார்த்தை சொல்வதைவிட அந்தப் படங்கள் டாக்டருக்கு உதவும்.

எங்கள் யோசனை, ஆரம்பத்திலேயே ஒருமுறை கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். நாம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்வதால் அங்கே மாட்டை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆடு, கோழி, நாய், பூனை எல்லாம் பார்ப்பார்கள். அரசு மருந்தகம் என்பதால் செலவும் அதிகம் ஆகாது. "பொறுத்துப் பார்" என்று அவர் சொல்லி நாம் பொறுப்பது வேறு, பயந்துகொண்டு பொறுப்பது வேறு.

சில அடையாளங்கள் கண்டால் வாரக் கணக்கு பார்க்கக்கூடாது, அன்றே கிளம்ப வேண்டும். ரத்தம் நிற்காமல் வருவது, சீழ் நாற்றம், புழு, காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்பது, நகம் பெயர்வது, ஒரு விரல் முழுக்க வீங்குவது, தீனி எடுக்காமல் காய்ச்சலோடு படுப்பது. கட்டி கறுத்தும் கெட்டியாகவும் எலும்போடு ஒட்டினது போல அசையாமலும் இருந்தாலும் அப்படித்தான். கட்டி ஒருநாள் வீங்குவதும் மறுநாள் சுருங்குவதுமாக இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். தோலில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி அப்படி மாறி மாறித் தெரியும். ஒரு மாதமாகியும் கடலையளவுக்குக் குறையாமல் நின்றால் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இவ்வளவு நேரம் நாம் சொன்ன பொறுமை எல்லாம் இளம் நாய்க்குத்தான். ஏழு எட்டு வயது நாயின் விரலில் வீக்கம் என்றால் அதற்கு இந்தப் பொறுமை பொருந்தாது. வயதான நாய்க்கு நகக்கண்ணில் வருகிற கட்டி பல சமயம் கெட்ட கட்டியாக இருக்கும்.

சோதனை என்றதும் அறுவை என்று பயப்பட வேண்டாம். சாதாரண ஊசியைக் கட்டியில் குத்தி, அதில் ஒட்டும் கொஞ்சம் நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மயக்க மருந்து வேண்டியதில்லை. பொத்தான் கட்டியா, சீழா, புற்றா என்று பல சமயம் அதிலேயே தெரிந்துவிடும். எல்லா மருந்தகத்திலும் இந்த வசதி இருக்காது. மாவட்டத் தலைநகரில் உள்ள பெரிய கால்நடை மருத்துவமனைக்கோ, சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ எழுதிக் கொடுப்பார்கள். வேப்பேரிக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. கிராமத்து நாய் என்று அங்கே யாரும் ஒதுக்குவதில்லை. கட்டியை எடுக்க வேண்டியதுதான் என்றால் மயக்கம் கொடுத்து முறையாக எடுப்பார்கள். அப்போது மறக்காமல் கேட்க வேண்டியது, எடுத்த கட்டியை ஆய்வுக்கு அனுப்பலாமா என்பது.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், ஆட்டோ வைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு உள்கடன் கேட்கலாமா? "நாய்க்கெல்லாம் கடனா?" என்று கூட்டத்தில் சிரிப்பு வரலாம். எங்கள் கருத்தைச் சொல்கிறோம். பட்டியில் நிற்கும் ஆடு குழுவின் கடனில் வாங்கியது. அதைக் காக்கிற நாயின் மருத்துவத்துக்கு ஒரு சிறு தொகை கொடுப்பது அந்தக் கடனைக் காப்பதுதான். கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருக்கத்தானே குழு வைத்தோம். காரணத்தை மறைத்து "மருத்துவச் செலவு" என்று மட்டும் எழுதாமல், நாய்க்கு என்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் இதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடி பட்டால்

காலைப் பார்க்கும்போது நாய் கடித்துவிட்டாலோ, நகம் கீறினாலோ, நம் கைப்புண்ணில் அதன் எச்சில் பட்டாலோ, சொந்த நாய்தானே, குட்டிதானே என்று இருந்துவிடக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும். பைப்படியில் நின்று கழுவுவது நல்லது. அதில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் தடுப்பூசி அங்கே இலவசம். பழைய நாளைப்போல் தொப்புளைச் சுற்றிப் போடுவதில்லை, கையில்தான் போடுகிறார்கள். நாள் குறித்துக் கொடுத்தால் கடைசி ஊசி வரை போட வேண்டும். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டோடு நிறுத்துகிறவர்கள் அதிகம். வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, டாக்டர் சொன்னபடி அடுத்தது, பிறகு வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் கால்நடை மருந்தகத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். காலில் கட்டி இருக்கிற நாய்க்கு ஊசி போடலாமா என்ற சந்தேகம் வரும். மற்றபடி நன்றாகத் தின்று ஓடுகிற நாய் என்றால் பொதுவாகப் போடலாம், காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டதும் ஒரு அட்டை தருவார்கள். அந்த அட்டையை உங்கள் பாஸ்புக் இருக்கிற பையிலேயே போட்டு வையுங்கள். யாரையாவது நாய் கடித்துவிட்டால் ஆஸ்பத்திரியில் நாய்க்கு ஊசி போட்டதுண்டா என்று கேட்பார்கள், அப்போது தேட வேண்டியிருக்காது.